எந்திரம் செய்யும் கிட்னிக்கு அண்ணன் கிடையாது

என்னை மூன்று அடி அடித்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் நாச்சிமுத்து. முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது முதுகில், மூன்றாவது இடுப்புக்கு மேலே இடது பக்கத்தில். அடித்தது மம்பட்டிப் பிடியால். டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "சர்க்கரையா, பிரஷரா?" என்று கேட்பார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டேன் என்று பத்து மாதம் ஒரே பொய்யைச் சொன்னேன். இப்போது உடம்பு தேறி வீட்டில் இருக்கிறேன். அந்தக் கட்டில்களில் இன்னும் படுத்திருப்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பாலக்காடு போகிற வழியில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி மேற்கே வந்தால் எங்கள் தோப்பு. அப்பா சாவதற்கு முன் மரங்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். போர்வெல்லை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் என் முறை. சண்டை நடந்தது அவன் முறையில். என் தென்னம்பிள்ளைகள் காய்ந்து நின்றதால் விடிந்ததும் போய் வால்வை என் பக்கம் திருப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவன் வந்து நின்றான்.

"யார்ரா வால்வத் திருப்புனது?"

"நாந்தான். இப்ப என்ன பண்ணுவ?"

"திருட்டு நாயே, அப்பன் செத்த அன்னைக்கே உன்னையும் சேத்துப் பொதைச்சிருக்கோணும்."

முதலில் கை வைத்தது நான். கன்னத்தில் ஓர் அறை விட்டேன். இதையும் எழுதாவிட்டால் அண்ணன் படித்துவிட்டு நாலாவது அடிக்கு வந்துவிடுவான். அவன் மம்பட்டியைக் கழற்றிப் பிடியை எடுத்தான். நான் கல்லை எடுத்து அவன் புருவத்தைப் பிளந்தேன். ரத்தம் கண்ணில் வழிய, பார்க்காமலே சுழற்றினான். மூன்றாவது அடியில் எனக்குள் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. சேற்றில் விழுந்தேன். விழுந்தவனின் நெஞ்சில் ஓர் உதை விட்டு, "சாவுடா" என்று சொல்லிவிட்டு, வால்வைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனான்.

ஒன்றுக்குப் போனால் வெறும் ரத்தமாக வந்தது. என் மனைவி சுமதி காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாலக்காட்டைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாருக்கும் கிட்னி இரண்டு இருக்கும். எனக்குப் பிறக்கும்போதே ஒன்றுதான் இருந்திருக்கிறது. நாற்பத்து நாலு வயது வரைக்கும் அது எனக்குத் தெரியாது, ஒற்றைக் கிட்னியே இருவர் வேலையைப் பார்த்திருக்கிறது. அண்ணனின் மூன்றாவது அடி சரியாக அதன் மேல் விழுந்து, அது நாலு துண்டாகிவிட்டது. ரத்தம் நிற்காததால் அன்றைக்கே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்ததும் போலீசுக்குச் சொல்லி எழுத வைத்தேன். கொலை முயற்சி என்று எழுதச் சொன்னேன். அண்ணன் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். அந்த இரண்டு வாரமும் எனக்கு நல்ல தூக்கம்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் இரண்டு தடித்த ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், எந்திரத்தில் கழுவப்பட்டு மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். கிட்னி ராத்திரி பகலாகச் செய்கிற வேலையை எந்திரம் பன்னிரண்டு மணி நேரத்தில் முரட்டுத்தனமாகச் செய்கிறது. கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும்போது கத்தாத ஆம்பளையை நான் அந்த அறையில் பார்த்ததில்லை. மூத்திரமே வராது என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. தண்ணீருக்காக அடித்துக்கொண்டவனுக்குச் சரியான தண்டனை என்று ஊரில் சொன்னார்களாம். சொன்னவன் யார் என்று தெரிந்தால் பல்லை உடைத்திருப்பேன்.

எங்கள் கிட்னி டாக்டர் ஷீபா. ஒல்லியான அம்மா, மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுவார். மாற்றுக் கிட்னி வைத்தால் நல்லது, சொந்தத்தில் யாராவது கொடுக்க வேண்டும் என்றார். சுமதி கையை நீட்டினாள், அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், வயது பத்தாது. அப்பா அம்மா இல்லை. டாக்டர் ஷீபா பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க சேட்டன் போன வாரம் வந்து ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுத்துட்டுப் போயி. நல்லாப் பொருந்துது" என்றார்.

அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்திருக்கிறான். மறுநாள் வார்டு வாசலில் வந்து நின்றான். புருவத்தில் நான் போட்ட தழும்பு. கையில் ஒரு பை ஆரஞ்சு. அதுவும் நான் தின்னக் கூடாத பழம். வெந்நீர் இருந்த பிளாஸ்கை எடுத்து அவன் மூஞ்சியைக் குறி பார்த்து எறிந்தேன். சுவரில் பட்டு உடைந்தது. அண்ணன் கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரம்தான் மகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊசி அப்படியும் இப்படியும் ஓட, ரோஜா நிறத்தில் ஒரு கிட்னி வளர்ந்தது. கிட்னியை அச்சடிக்கிறார்கள் என்றாள். அச்சு என்றதும் எனக்கு ஆலையில் பாகு காய்ச்சி ஊற்றும் வெல்ல அச்சுதான் ஞாபகம் வந்தது. கிட்னி வடிவத்தில் ஓர் அச்சுச் செய்ய வேண்டும், ஊற்ற வேண்டும், ஆறியதும் தட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதானே. என் சதையிலேயே செய்துவிடலாம் என்றால் எவன் காலிலும் விழ வேண்டியதில்லை. எந்திரம் செய்யும் கிட்னிக்கு அண்ணன் கிடையாது.

அடுத்த டயாலிசிஸில் டாக்டர் ஷீபாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அச்சுக் கிட்னி வையுங்க டாக்டரம்மா. காசு எவ்வளவு ஆனாலுஞ் செரி, தோப்ப வித்துத் தாறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அச்சு வெல்லக் கணக்கைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"வெல்லம் அல்ல வேலுச்சாமி. முறுக்குப் பிழியறது மாதிரி. உங்க உடம்புல இருந்து கொஞ்சம் செல் எடுத்து, லேப்ல கோடிக் கணக்குல பெருக்கி, பசை மாதிரி ஒண்ணுல கலந்து, கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி அடுக்கடுக்காப் பிழியும். ஆனா முறுக்குக்கு உயிர் வேண்டாம். இதுக்குப் பிழியும்போதே உயிர் வேணும்."

"அப்பிடித்தானுங்க வீடியோல பிழியறாங்க?"

"அது கிட்னி ரூபம். வேலை செய்யற கிட்னி அல்ல." ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டார். தோல் மாதிரி மெல்லிசான சமாச்சாரம், காது மடல் மாதிரி குருத்தெலும்பு, இவற்றில் நல்ல முன்னேற்றம் இருக்கிறதாம். கிட்னியில் ஒரு துணுக்கு செய்து அதில் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். முழுக் கிட்னி என்றால் அதற்குள் பத்து லட்சம் வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ரத்தக்குழாய். ஒரு செல் ரத்தக்குழாயிலிருந்து ஒன்றிரண்டு மயிர்க்கனம் தள்ளிப் போனாலே பட்டினியில் செத்துவிடும். அவ்வளவு பொடிக் குழாய்களை எந்திரத்தால் இன்னும் சரியாகப் பிழிய முடியவில்லை. பிழிந்து முடிப்பதற்குள் நடுவில் இருப்பது அழுகிவிடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. நானும் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டவன்தான்.

"கடைசி மரத்துக்குத் தண்ணி போறதில்லைங்க, அதானே பிரச்சனை?"

"அது தன்னே. உலகத்துல பெரிய பெரிய ஆளுக இருந்து மல்லுக்கட்டுறது அந்தத் தண்ணிக்குத்தான்."

"எத்தனை வருசமாகுமுங்க?"

"வரும், எனக்கு நம்பிக்கை உண்டு. உங்க மகள் காலத்துல வரலாம். பத்து வருஷமோ முப்பது வருஷமோ, பொய் சொல்ல எனக்கு அறியில்லா. இந்த எந்திரம் அதுவரை உங்களைக் கொண்டு போகும்னும் சொல்ல மாட்டேன்."

"நான் காத்திருக்கறனுங்க" என்றேன். அவர் ஸ்டூலை எடுத்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார்.

காத்திருந்த இலட்சணத்தைக் கேளுங்கள். டயாலிசிஸில் ஞாயிறும் திங்களும் இடைவெளி, செவ்வாய்தான் அடுத்த முறை. அந்தச் செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிப்போக மாமனார் காரோடு வந்தார். வண்டியின் பின்னால் ஒரு குலை இளநீர். நோயாளியைப் பார்க்க எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள், இளநீரைவிட நல்லது உலகத்தில் இல்லை என்பதும் எங்கள் பக்கத்து வேதம். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் கார் நின்றதும் அரிவாளால் சீவி நீட்டினார்.

"குடிங்க மாப்பிள்ளை. சுத்தமான தண்ணி. இதுக்கு எந்த டாக்டரு வேண்டாம்னு சொல்லுவான்?"

சொல்லியிருந்தார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி இருப்பவனுக்கு அது மூத்திரத்தில் போய்விடும், இல்லாதவனுக்கு ரத்தத்தில் ஏறி இருதயத்தை நிறுத்திவிடும். தெரிந்துதான் குடித்தேன். எட்டு மாதத் தாகம், மூன்று இளநீர், சொட்டு விடாமல்.

டயாலிசிஸ் அறை வாசலில் கால் இரண்டும் கயிறாகத் துவண்டது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது வலிதான். ஒரு நர்ஸ் பெண் என் மேல் ஏறி, இரண்டு கையையும் கோத்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தாள். விலா எலும்பு மடமடவென்று முறிகிற சத்தத்தைக் கேட்டேன். அண்ணன் உதையில் தப்பிய எலும்புகள் அவை. யாரோ கழுத்தில் குழாயைச் செருகினார்கள். கரண்டு வைத்தார்கள், உடம்பு கட்டிலை விட்டு எகிறி விழுந்தது. உயிரைக் காப்பாற்றுவதும் அடிதடிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மாமனார் வராந்தாவில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாராம்.

மூன்றாம் நாள் சுமதி பேசினாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க, உங்க ரோசத்த வெச்சு நான் ஒலை வெக்கறதா? எந்திரம் வரும் எந்திரம் வரும்னு எழவுதான் வருது. உங்கண்ணன் குடுக்கறேங்கறாரு. வாங்கறீங்களா, இல்ல நான் இப்பவே பொறந்த ஊட்டுக்குப் போவட்டுமா?"

இரண்டு நாள் யோசித்தேன். தருமம் வாங்கினால்தான் கேவலம். உடைத்தவன் அதே சாமானை வைத்துவிட்டுப் போகிறான் என்றால் அதில் என்ன கேவலம்? இப்படி மனசைச் சமாதானம் செய்துகொண்டு சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி இருந்தது. எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தார்கள். கேஸை வாபஸ் வாங்க வைப்பதற்காகக் கிட்னி கொடுக்கிறீர்களா என்று அண்ணனைக் கேட்டார்கள்.

"கேசு நடக்கட்டுமுங்க" என்றான். "செயிலுக்குப் போகச் சொன்னாலும் போறனுங்க. போறதுக்கு முன்னால ஒண்ண எடுத்துக்கச் சொல்லுங்க."

என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் திரும்பவில்லை.

ஆபரேஷன் நாளன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் வம்பு. கிட்னி மாற்று ஆபரேஷனை மலையாளத்தில் 'மாற்றிவைக்கல்' என்பார்கள். ஆறு வாரமாக எல்லா நர்சுகள் வாயிலும் அந்தச் சொல்தான். வெளியே சுமதியும் அண்ணன் பெண்டாட்டி தங்கமணியும் வராந்தாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்து, "வேலுச்சாமீடெ ஆள்க்காரு? ஓப்பரேஷன் மாற்றி வெச்சு, கேட்டோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிட்னியை மாற்றி வைத்தாகிவிட்டது! தங்கமணி அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், சுமதி இந்தக் கோடியிலிருந்து. நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் ஓவென்று அழுதிருக்கிறார்கள். தங்கமணி கேன்டீனுக்குப் போய் லட்டு வாங்கி வந்து சுமதிக்கு ஊட்டியிருக்கிறாள். அந்த நேரத்தில் கதவு திறந்து, கவுனோடு அண்ணன் காலால் நடந்து வெளியே வந்தான்.

"என்னாங்க, அதுக்குள்ள நடக்கறீங்க?" என்று கத்தினாளாம் தங்கமணி.

"எங்கடி செஞ்சாங்க? அவனுக்குக் காய்ச்சலாம், பத்து நாள் தள்ளி வெச்சுட்டாங்க."

மாற்றிவைப்பது என்றால் மலையாளத்தில் தள்ளிப்போடுவதும்தான். பாதி லட்டு சுமதி வாயில் இருந்தது. கட்டிப்பிடித்ததை எப்படித் திரும்ப எடுப்பது? அன்றைக்கு மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து புளிச்சோறு தின்றார்கள்.

பத்து நாள் கழித்து நிஜமாகவே நடந்தது. புதுக் கிட்னியைப் பழைய இடத்தில் வைக்க மாட்டார்கள். அடிவயிற்றில் வலது பக்கம், தொட்டால் கைக்குத் தட்டுப்படும்படி வைப்பார்கள். கண் விழித்தபோது கட்டிலில் தொங்கிய பையில் மூத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அழுதேன். வெட்கமே இல்லை.

டாக்டர் ஷீபா மாத்திரைகளைக் காட்டினார். என் உடம்புக்கு அண்ணன் கிட்னி அன்னியன். ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டு அடித்தே கொன்றுவிடுவார்கள். அவர்களை அடக்கி வைக்கத்தான் மாத்திரை, காலையில் எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும், ஆயுசு முழுக்க. சொந்தச் செல்லில் பிழிந்த கிட்னியாக இருந்தால் இந்த மாத்திரை தேவைப்படாது என்றுதான் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றார். என் உடம்பே அவன் கிட்னியை அடிக்கப் பார்க்கிறது என்று கேட்டபோது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் அண்ணன் பேசியது என் காதுக்கு வந்தது. யாரோ என் உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "அவனுக்கென்ன குறைச்சல்? நாங் குடுத்ததுலதான் மோண்டுட்டுத் திரியறான்" என்றானாம். கடையே சிரித்ததாம்.

எனக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. அவன் கையால் செத்திருந்தாலும் கௌரவமாகப் போயிருக்கும். அன்றிரவு மாத்திரையை வாயில் போட்டுவிட்டு வாஷ்பேசினில் துப்பினேன். மறுநாளும் இரண்டு வேளை துப்பினேன், அதற்கு மறுநாளும். உன் கிட்னி எனக்கு வேண்டாமடா, செத்த பிறகு எடுத்துக்கொண்டு போ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே துப்பினேன். மூன்றாம் நாள் காலையில் முகம் வீங்கியது. சுமதி பேசின் ஓட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை மாவைப் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் வேலியைத் தாண்டி தங்கமணியிடம் ஓடினாள்.

அண்ணன் கதவைத் திறக்கவில்லை, உதைத்தான். கட்டிலில் இருந்த என்னை இழுத்துத் தரையில் போட்டான். விலாவில் ஒரு முழத் தையல் போட்டவன், கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னவன், முழங்காலை என் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு தாடையை இரண்டு கையாலும் பிளந்தான்.

"வாயத் தொறடா."

நான் அவன் விரலைக் கடித்தேன். பல் எலும்பில் பட்டது. ரத்தம் என் நாக்கில் உப்பாக வழிந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. அந்த விரலையே ஆப்பாக வைத்துக்கொண்டு மறு கையால் மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளினான். சுமதி தண்ணீரை ஊற்றினாள்.

"நீ சாவறதுன்னா செத்துப் போடா, எனக்கென்ன வந்துது. என்ற கிட்னியக் கொல்றதுக்கு நீ யாருடா? முழுங்குடா!" கத்தும்போது அவனுக்குக் குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, கண்ணீர் என் மூஞ்சியிலேயே சொட்டியது. அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா செத்தபோதும் அவன் அழவில்லை.

முழுங்கினேன்.

அப்படியே தோளில் போட்டு ஜீப்பில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, மூன்று நாள் மருந்து ஏற்றினால் மீட்டுவிடலாம் என்று டாக்டர் ஷீபா சொல்லிவிட்டு, என்னை ஒரு முறை முறைத்தார். அடுத்த கட்டிலில் அண்ணன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் பெண் துணியைப் பிரித்து, பல் பதிந்த இடத்தைப் பார்த்துப் பதறினாள். பட்டி என்றால் மலையாளத்தில் நாய்.

"ஐயோ, பட்டி கடிச்சதாணோ? ஊசி போடணுமல்லோ."

"நாயி இல்லைங்க" என்றான் அண்ணன். "தம்பி."